நோரீன் ஆன்ட்டியின் அரைச் சுற்று

நோரீன் பார்ஜெட்டரை ஏமாற்ற நான் பதினோரு தடவை முயன்றிருக்கிறேன். பத்துத் தடவை தோற்றேன். பதினொன்றாவது தடவை நான் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடவில்லை. அதில்தான் அவர் ஏமாந்தார். அந்தக் கதையை எங்கள் ஊரான வில்லன்ஹாலில் ஆளாளுக்குத் தப்புத் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். கென் ஆனியன்ஸ் சொல்லும் கதையில் கென் ஆனியன்ஸ்தான் கதாநாயகன். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நோரீன் ஆன்ட்டி எங்கள் பக்கத்து வீடு. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அங்கே அவர் தும்மினால் இங்கே என் அம்மா நூறாயுசு சொல்வாள். பதினாறு வயதில் பூட்டுப் பட்டறைக்குப் போய், முப்பத்தோரு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பூட்டுகளுக்குள் ஸ்பிரிங் வைத்தவர். அரிசிமணி அளவு ஸ்பிரிங்குகள். அவற்றைக் கண்ணால் பார்க்க மாட்டார்; கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு உருட்டு, அவ்வளவுதான். சொத்தை என்றால் தோளுக்குப் பின்னால் பறக்கும். பட்டறையை மூடினபோது மற்றவர்கள் அழுதார்களாம். இவர், "அந்த ஸ்டூல்ல ஒரு ஆணி இருபது வருஷமா குத்திக்கிட்டே இருந்துச்சு, சனியன் தொலைஞ்சுது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அதற்கப்புறம் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அங்கேதான் என்னை முதன்முதலாகப் பிடித்தார். நான் கஸ்டர்டில் பச்சைச் சாயத்தைக் கலந்துவிட்டு நல்ல பிள்ளையாக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கரண்டியோடு வந்தவர் என் நகங்களைப் பார்த்தார்.

"கெஸ், நகத்துக்குள்ள என்ன, வசந்தகாலமா?"

அன்று அந்தப் பச்சைக் கஸ்டர்டை மூன்று கிண்ணம் என்னையே குடிக்க வைத்தார். தலைமையாசிரியரிடம் மட்டும் சொல்லவில்லை. பள்ளிக்கூடமும் நானும் பேசி வைத்துப் பிரிந்துவிட்டோம். இப்போது எனக்குப் பதினேழு. வேலை பழகும் இடத்திலிருந்து வாரத்தில் ஒரு நாள் காலேஜுக்கு அனுப்புகிறார்கள். சரியாக அந்த நாளில் எனக்குக் காய்ச்சல் வரும்.

இனி வியாழக்கிழமை. எங்கள் ஊரில் வாரத்துக்கு ஏழு நாள் என்பது பேச்சுக்குத்தான். வியாழக்கிழமை சாயங்காலம் 'கோணல் சாவி' பப்பின் பின்னறையில் மணிக்குச் சுடுவோம். சுவரில் ஒரு இரும்புத் தட்டு, நடுவே சுண்டுவிரல் நுழையும் ஓட்டை, அதற்குப் பின்னால் மணி. ஆறு கஜம் தள்ளித் தரையில் போட்ட கோட்டில் நின்று ஏர் ரைபிளால் சுட வேண்டும். ஈயக் குண்டு ஓட்டைக்குள் புகுந்து மணி அடித்தால் ஐந்து. சுற்றியிருக்கும் வளையங்களில் பட்டால் நான்கு, மூன்று என்று இறங்கிக்கொண்டே போகும். தட்டில் வெள்ளைப் பூச்சு பூசியிருப்பதால் பட்ட இடம் கறுப்பாகத் தெரியும்; எழுதிக்கொண்டதும் பிரஷ்ஷால் மூடிவிடுவார்கள். ஆளுக்கு ஐந்து குண்டு, அணிக்கு ஏழு பேர். ஏழாவது நான்.

இரண்டு சட்டம் உண்டு, இரண்டும் என் அப்பாவைவிடக் கறார். ஒன்று: மணி சத்தம் கேட்க வேண்டும். குண்டு ஓட்டைக்குள் போனதை அத்தனை பேரும் கண்ணால் பார்த்திருந்தாலும், மணி பேசாவிட்டால் சைபர். எங்கள் மணியோ கிழட்டு மணி. ஓங்கித் தட்டினால்தான் வாயைத் திறக்கும். இரண்டு: கோட்டில் ஏறி நின்ற ஆளின் துப்பாக்கியை ஐந்தாவது குண்டு முடியும்வரை வேறு யாரும் தொடக்கூடாது.

எங்கள் ஏழு பேரின் ட்ரிகரையும் சரிபண்ணுவது நோரீன் ஆன்ட்டிதான். அவர் ஒரு போட்டியிலும் சுட்டதில்லை; சுவரோரப் பெஞ்சில் கம்பளி பின்னிக்கொண்டு இருப்பார். சமையலறை மேசையில் பழைய துண்டை விரித்து, துப்பாக்கியைக் காலி பண்ணி இரண்டு தடவை பார்த்துவிட்டு, திருகு திருப்பும் சின்னச் சாவியான ஆலன் கீயை எடுப்பார். உதிரி ஸ்பிரிங் எல்லாம் ஒரு முட்டை அட்டையில், குழிக்கு ஒன்றாக. ஒரு தடவை இரண்டு ஸ்பிரிங்கை இடம் மாற்றி வைத்தேன். அவர் கெட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டே ஒரு கையால் அட்டையைத் தடவினார். "நாலாவது குழியில ரெண்டாவது உக்காந்திருக்கு. கை கழுவிட்டு வா கண்ணு, கேக் இருக்கு" என்றார். ஏழாவது தோல்வி அது.

ஏர் ரைபிளின் சூட்சுமம் எனக்கே புரிந்தது என்றால் யாருக்கும் புரியும். உள்ளே ஒரு சுத்தியல். அதன் முதுகில் ஒரு ஸ்பிரிங். சுத்தியலை ஒரு சின்னப் பல் பிடித்து நிறுத்தியிருக்கும். ட்ரிகரை இழுத்தால் பல் விடும். சுத்தியல் பாய்ந்து வால்வைத் தட்டும். அடைத்து வைத்த காற்று புறப்பட்டுக் குண்டைத் தள்ளும். ஸ்பிரிங்கை இறுக்கினால் அடி பலமாக விழும். அளவுக்கு மீறி இறுக்கினால் குண்டின் வேகம் சட்டத்தைத் தாண்டி, போலீஸும் வரும். ஆனால் இறுக்க இறுக்க அந்தப் பல்லின் மேல் பாரம் ஏறி, ட்ரிகரும் கனத்துப் போகும். தளர்த்தினால் ட்ரிகர் வெண்ணெய். ஆனால் குண்டு சவலைப்பிள்ளை மாதிரிப் போய் விழும். ஒரே திருகு, அதில் ஒரு பக்கம் விரல், ஒரு பக்கம் மணி.

நோரீன் ஆன்ட்டியின் வீட்டுக்காரர் க்ளைவ். வால்சாலுக்கு பஸ் ஓட்டினவர். கோணல் சாவி அணியில் இருபத்தாறு வருடம். பிப்ரவரியில் ஒரு காலை ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தவருக்குக் கத்தி கையிலிருந்து நழுவியது. ஸ்ட்ரோக். பேச்சு இரண்டே வாரத்தில் திரும்பிவிட்டது. கால் ஒரு மாதத்தில் வந்தது. வலது கை மட்டும் வரவில்லை. ஆள்காட்டி விரல் இருந்தது, ஆனால் வேறு யாருடையதோ போல. சட்டைப் பொத்தானை ஆன்ட்டிதான் போட்டுவிடுவார். அந்த நேரத்தில் இருவரும் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பூனையைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள்.

ஏப்ரல் ஆரம்பத்தில் க்ளைவ் துப்பாக்கியோடு பின்னறைக்கு வந்தார். எல்லோரும் கை தட்டினோம். அன்றைக்கு அவர் எடுத்தது எட்டு.

கேப்டன் கென் ஆனியன்ஸ். ஆனியன்ஸ் என்பது நான் வைத்த பட்டப்பெயர் இல்லை. அவர் வம்சமே வெங்காயம்தான். அவர் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தார். அப்புறம் பாரில் க்ளைவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, தன் கிளாஸைப் பார்த்தே பேசினார்.

"மே கடைசி வியாழன், 'எருதுத்தலை' பப்காரங்களோட போட்டி. அதுல இருபது எடுத்துடு க்ளைவ். இல்லேன்னா செப்டம்பர்ல இருந்து உன் இடத்துல என் மச்சானைப் போட வேண்டி வரும். தப்பா நெனச்சுக்காதே."

"இருபதுதானே," என்றார் க்ளைவ்.

"இருபதுதான்."

"போன வருஷம் நான் இருபது எடுத்தா நீ என்னைத் திட்டுவே."

கென் சிரிக்கவில்லை, வெங்காயத்துக்கும் கண்ணில் நீர் வரும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் நோரீன் ஆன்ட்டி என்னிடம் சொன்னது ஒரே வரி. "வியாழக்கிழமை போச்சுன்னா, அந்த மனுஷனுக்கு வாரமே இல்ல கெஸ்." ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் க்ளைவ் வேறெதற்கும் வாசல் தாண்டவில்லை. கைக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோவுக்குக்கூட ஆஸ்பத்திரி வேன் வந்து அள்ளிக்கொண்டு போகும்.

அந்த வேன்தான் வசதியாகப் போயிற்று. வியாழக்கிழமை மத்தியானம் க்ளைவ் பிசியோவில் இருக்கும் நேரம் பார்த்து ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார்.

"ஜன்னல்கிட்ட நில்லு. வேன் வந்தா இருமு."

"எதுக்கு ஆன்ட்டி? கொள்ளை அடிக்கப் போறோமா?"

"வாயை மூடிக்கிட்டு இரும மட்டும் செய்."

க்ளைவின் துப்பாக்கியைத் துண்டின் மேல் கிடத்தி, பின்பக்கத் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினார். சுண்டுவிரலால் ட்ரிகரை இழுத்துப் பார்த்தார். இன்னும் ஒரு தடவை பார்த்தார். "அவருகிட்ட சொல்லாதே. விரலுக்காகத் தளர்த்தினேன்னு தெரிஞ்சா, துப்பாக்கியைத் தொடவே மாட்டாரு. சத்தியம் பண்ணு."

பண்ணினேன்.

அன்று சாயங்காலம் ட்ரிகர் வெண்ணெயாக விட்டது. ஆனால் இரண்டு குண்டு ஓட்டைக்குள் சுத்தமாகப் போயும் மணி 'டொக்' என்றது, பேசவில்லை. இரண்டு சைபர். க்ளைவ் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஆன்ட்டி சர்ச்சில் பாட்டு ஒத்திகைக்குப் போனதும், சுவரைத் தட்டும் சத்தம் கேட்டது. போனேன். க்ளைவ் சமையலறை மேசையில் அதே துண்டை விரித்திருந்தார்.

"ஏ குட்டி, வா. ஸ்பிரிங் செத்துப்போச்சு போலிருக்கு. கொஞ்சம் இறுக்கணும். நோரீன் புள்ளகிட்ட மூச்சு விடாதே. அவ பாத்துப் பாத்துப் போட்ட ஸ்பிரிங். செத்துப்போச்சுன்னு நான் சொன்னா மனசு விட்டுடுவா. சத்தியம் பண்ணு."

என் முகத்தை நேராக வைத்துக்கொள்ள நான் கடித்த இடம் உதட்டின் உட்பக்கம் இன்னும் இருக்கிறது. பண்ணினேன்.

"நான் திருப்பட்டுமா அங்கிள்?"

"நீ தொடாதே. சாவி கீழே விழுந்தா எடுத்துக் குடு, போதும்."

விழுந்தது. பதினான்கு தடவை விழுந்தது. நான் எண்ணினேன், வேலை இல்லாததால். அரைச் சுற்றுத் திருப்ப அவருக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. உட்கார்ந்து உட்கார்ந்து எனக்குக் கால் மரத்துவிட்டது.

இப்படியே வியாழன் அவர் தளர்த்துவார், செவ்வாய் இவர் இறுக்குவார். ஒருவரை ஒருவர் அவ்வளவு பத்திரமாக ஏமாற்றிக்கொண்டார்கள். நடுவில் நான் இரண்டு பக்கமும் கேக் தின்றேன். வாழ்க்கையில் நான் பார்த்த அருமையான கேலிக்கூத்து அது. அதற்காக நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை என்பதுதான் அதில் அழகு. எங்கள் வீட்டுப் படுக்கையில் தலையணையை வாயில் திணித்துக்கொண்டு சிரிப்பேன்.

நான்காவது வாரம் சிரிப்பு நின்றது.

போட்டிக்கு முந்தின புதன்கிழமை. ஆன்ட்டி வீட்டுக்குப் போனபோது மேசையில் துண்டு இல்லை. முட்டை அட்டை மட்டும் இருந்தது. அவர் ஒவ்வொரு ஸ்பிரிங்காக எடுத்து விரல்களுக்கு நடுவே உருட்டி, கண்ணை மூடி, திரும்ப வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. க்ளைவ் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என்ன ஆன்ட்டி?"

"கெஸ், இது எத்தனாவதுன்னு சொல்லு." ஒன்றை என் உள்ளங்கையில் வைத்தார்.

"எனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் தெரியல கண்ணு." சாதாரணமாகத்தான் சொன்னார். "ஒவ்வொரு வியாழனும் அரைச் சுற்றுத் தளர்த்துறேன். அடுத்த வியாழன் எடுத்தா பழையபடி இறுகிக் கிடக்கு. ஸ்பிரிங் தானா இறுகாது. தளரும், உடையும், இறுகாது. அப்ப நான் தளர்த்தினதா நெனச்சுக்கிட்டு எதையோ பண்ணிக்கிட்டு இருக்கேன். விரல்ல உணர்வு போயிடுச்சு போல. கென்கிட்ட சொல்லிடப் போறேன், அடுத்த வருஷம் ட்ரிகருக்கு வேற ஆள் பாத்துக்கச் சொல்லி. தப்பா ஒண்ணு வெடிச்சு யாரு கண்ணுலயாவது பட்டா?"

முப்பத்தோரு வருடம் கண்ணைவிட அவர் நம்பியது அந்த இரண்டு விரல்களை. அவற்றை அவர் கவுனில் துடைத்துக்கொண்டார், ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பது போல.

என் உள்ளங்கையில் இருந்த ஸ்பிரிங்கை மேசையில் வைத்தேன். இரண்டு சத்தியம் பண்ணியிருந்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் உடைத்தேன்.

"அது உங்க விரல் இல்ல ஆன்ட்டி. அங்கிள்தான். செவ்வாய்க்கிழமை நீங்க பாடப் போனதும் அவரு இறுக்குறாரு."

என்னை அடிப்பார் என்று பார்த்தேன். குறைந்தபட்சம் கேக்கையாவது நிறுத்துவார் என்று பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வியே இல்லை.

"யாரு திருப்புறா? நீயா?"

"இல்ல. என்னைத் தொடவே விட மாட்டாரு. அவரேதான்."

"எந்தக் கையால?"

யோசித்தேன். "வலது கை."

"அந்த ஆலன் கீயையா? தீக்குச்சி மாதிரி இருக்குமே, அதையா?"

"ஆமா. கீழே போட்டுக்கிட்டே இருப்பாரு. மொத வாரம் பதினாலு தடவை."

"அப்புறம்?"

"அடுத்த வாரம் ஒன்பது. அதுக்கப்புறம் ஆறோ ஏழோ."

"நேத்து?"

"நேத்து மூணுதான்."

நோரீன் ஆன்ட்டி எழுந்து குழாயைத் திறந்தார். கெட்டிலை அதன் கீழே வைக்கவில்லை. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. "மூணுதானா," என்றார் குழாயிடம். "பொத்தானைப் போட முடியாதுன்னு காலையில கழுத்தை நீட்டிக்கிட்டு நிக்கிறான், திருட்டுப் பய."

மறுநாள் மத்தியானம் வேன் போனது. நான் இருமத் தயாராக ஜன்னலில் நின்றேன். அவர் துப்பாக்கியை எடுக்கவே இல்லை, பின்னிக்கொண்டிருந்தார்.

"ஆன்ட்டி, நேரமாகுது."

"இன்னிக்குத் தளர்த்தல. அவரு வெச்சபடியே இருக்கட்டும்."

"இருபது எடுக்கணுமே! இழுக்க முடியலேன்னா?"

"இழுக்க முடியலேன்னா இழுக்க முடியல. நாலு வாரமா நான் அவருக்குப் பதிலா இழுத்துக்கிட்டு இருந்தேன், அதுவும் அவருக்குத் தெரியாம. அது போதும்." ஊசி ஒரு கண்ணியைத் தவறவிட்டது, அவர் கவனித்தும் விட்டுவிட்டார்.

எருதுத்தலைக்காரர்கள் ஏழு பேரும் கூடவே பத்துப் பேரும் வந்தார்கள். அவர்களுடைய கேப்டன் ரோவீனா டாங்க்ஸ், கசாப்புக்கடை வைத்திருப்பவர். கை ஒவ்வொன்றும் என் தொடை. எங்கள் பக்கம் கென் இருபத்து மூன்று. நான் இருபத்து இரண்டு (சும்மா சொல்லி வைக்கிறேன்). கடைசி ஆளாக க்ளைவ் கோட்டில் ஏறினார். இடது கையில் துப்பாக்கியைத் தாங்கி, வலது விரலை ஒரு சாமானை எடுத்து வைப்பதுபோல் ட்ரிகரில் கொண்டுபோய் வைத்தார்.

இழுத்தார். போகவில்லை. விரல் நுனி வெளுத்தது. குழல் முனை மெல்ல ஆட ஆரம்பித்தது. ஆடி ஆடி, ஒரு வழியாக வெடித்தது.

"ரெண்டு!" என்றார் தட்டருகே நின்றவர், பிரஷ்ஷை நனைத்துக்கொண்டே.

க்ளைவ் துப்பாக்கியைத் திறந்து மேசை மேல் வைத்தார். "என்னமோ இன்னிக்குக் கல்லு மாதிரி இருக்கே," என்று தன் பாட்டுக்குச் சொன்னார்.

சுவரோரப் பெஞ்சிலிருந்து ஊசிச் சத்தம் நிற்காமலே பதில் வந்தது. "நீ செவ்வாய்க்கிழமை வெச்சபடியேதான் இருக்கு."

க்ளைவ் மெதுவாகத் திரும்பினார். முதலில் ஆன்ட்டியைப் பார்த்தார், அப்புறம் என்னை. நான் கூரையில் இருந்த ஈரக்கறையை ஆராய ஆரம்பித்தேன். பார்த்தால் ஒரு வாத்து மாதிரி இருக்கும்.

"உனக்கு எப்படித் தெரியும் புள்ள?"

"நாலு வாரமா ஒவ்வொரு வியாழனும் அரைச் சுற்றுத் தளர்த்தினது நான். இன்னிக்குத் தளர்த்தல."

"நீ தளர்த்தினியா?"

"உன் விரலுக்காக."

"நான் ஸ்பிரிங் செத்துப்போச்சுன்னு நெனச்சேன்டி!"

"யோவ், நான் போட்ட ஸ்பிரிங் உன்னையும் என்னையும் பொதைச்சுட்டுத்தான்யா சாகும்!"

ரோவீனா டாங்க்ஸ் கிளாஸைக் கீழே வைத்தார். "ஒரு சந்தேகம். இது போட்டியா, குடும்பச் சண்டையா?"

"ரெண்டும்தான். உக்காரும்மா," என்றார் நோரீன் ஆன்ட்டி.

பின்னறையே சிரித்தது. க்ளைவ் சிரிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தார். காது மடல் சிவந்திருந்தது. துப்பாக்கியை உறையில் போட்டுவிட்டு நடந்துவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆன்ட்டிக்கும் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் ஊசிகள் அசையாமல் நின்றுவிட்டன.

"எவ்வளவு?" என்றார் க்ளைவ்.

"என்ன எவ்வளவு?"

"எவ்வளவு தளர்த்தினா இந்த விரலுக்குச் சரியா வரும்?" அந்த விரலைப் பற்றி அத்தனை பேர் நடுவில் அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆன்ட்டி காற்றில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து எதையோ உருட்டிப் பார்த்தார். "கால். அதுக்கு மேல வேணாம், மணி பேசாது."

பையிலிருந்து ஆலன் கீயை எடுத்துக்கொண்டு எழுந்தார். கென் ஆனியன்ஸ் தொண்டையைக் கனைத்தார். அவர் கனைக்காவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும்: கோட்டில் நிற்கிற ஆளின் துப்பாக்கி. ஆன்ட்டி கோட்டுக்கு ஒரு அடி இப்பால் நின்று, சாவியை மட்டும் நீட்டினார்.

க்ளைவ் வாங்கினார். திருகின் தலையில் அதைப் பொருத்துவதற்கே நேரம் பிடித்தது. ஒரு தடவை கீழே விழுந்தது. எருதுத்தலைப் பையன் ஒருவன் எடுத்துக் கொடுக்கக் குனிந்தான். ரோவீனா டாங்க்ஸ் அவன் காலரைப் பிடித்து நிமிர்த்தினார். க்ளைவ் தானே குனிந்து எடுத்தார். இருபத்தைந்து பேர் இருந்த அறையில் ஒருவரும் கிளாஸைத் தூக்கவில்லை.

"திருப்பு," என்றார் ஆன்ட்டி, சாவியின் கைப்பிடி நகர்வதையே பார்த்துக்கொண்டு. "வரட்டும். இன்னும். இன்னும் ஒரு மயிரிழை. போதும்."

"போதுமா?"

"போதும்யா. கையை எடு."

இரண்டாவது குண்டு. ட்ரிகர் வெண்ணெயும் இல்லை, கல்லும் இல்லை. மணி அடித்தது. எருதுத்தலைக்காரர்களும் சேர்ந்து கத்தினார்கள். மூன்றாவதுக்கு நான்கு புள்ளி. நான்காவதில் அவருக்குக் கை சோர்ந்துவிட்டது, மூன்று. துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டுக் கையை உதறி, மறுபடி ஏந்தினார். ஐந்தாவது மணி அடித்தது.

நான் விரல்விட்டு எண்ணினேன். இரண்டும் ஐந்தும் நான்கும் மூன்றும் ஐந்தும். கணக்கில் நான் மக்கு என்பதால் இரண்டாவது தடவையும் எண்ணினேன். பத்தொன்பது.

"ஒண்ணுதானேப்பா," என்று எங்கள் அணியில் யாரோ முனகினார்கள். கென் ஆனியன்ஸ் வாயைத் திறந்தார். என்ன சொல்ல இருந்தாரோ.

க்ளைவ் முந்திக்கொண்டார். "இருபதுன்னா இருபதுதான் கென். நான் பஸ் ஓட்டினவன். ஒரு நிமிஷம் லேட்டா ஓடிவந்தவனுக்காக நான் நிறுத்தினதே கிடையாது." துப்பாக்கியைத் துடைத்தார். ஆன்ட்டி பின்னல் பையின் வாயைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார்.

போட்டியில் ஜெயித்தது எருதுத்தலை. அப்புறம் வழக்கம்போல முன்னறையில் சாப்பாடு. சூடான இறைச்சி உருண்டையும் பட்டாணி மசியலும். தட்டுகள் வரிசையாக வந்தன. க்ளைவ் மட்டும் பின்னறைக் கதவருகே நின்றார்.

"கென், இரும்புத் தட்டைக் கழட்டிட்டியா?"

"இன்னும் இல்ல."

"அஞ்சு குண்டு சுட்டுக்கறேன். கணக்குக்கு இல்ல. சும்மா."

"சுடேன். யாரு வேணாம்னா."

அவரும் ஆன்ட்டியும் உள்ளே போனார்கள். சரியாகச் சாத்தாத கதவு அது. நான் பட்டாணி அள்ளும் சாக்கில் கதவுப் பக்கத்து நாற்காலியைப் பிடித்தேன். இடுக்கில் தெரிந்தது: க்ளைவ் கோட்டில் நின்றார். ஆன்ட்டி வழக்கமான பெஞ்சில் இல்லை; அவர் தோளருகில், இரும்புத் தட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். குண்டு எங்கே போகிறது என்று அவர் பார்க்கவே இல்லை. விரலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதல் குண்டு இரும்பில் 'பட்' என்றது. முன்னறையில் யாரும் நிமிரவில்லை. எல்லோரும் திடீரென்று வானிலை பற்றிப் பேசினோம்.

இரண்டாவதுக்கு மணி அடித்தது. கென் ஆனியன்ஸ் மெல்லுவதை நிறுத்தினார்.

மூன்றாவது, மணி. ரோவீனா டாங்க்ஸ் முள்கரண்டியைத் தட்டில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டார். வானிலை பற்றிப் பேச யாரிடமும் ஒன்றும் மிச்சமில்லை.

நான்காவது, மணி. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. அவர் கையை உதறுவது எனக்கு மட்டும் தெரிந்தது. ஆன்ட்டியின் உதடுகள் அசைந்தன, என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. ஐந்தாவது. மணி, கொஞ்சம் மெலிதாகத்தான், ஆனால் பேசியது.

யாரும் கை தட்டவில்லை. கணக்குக்கு இல்லாத குண்டுக்குக் கை தட்டக் கூடாது. கென்னின் மச்சான் மட்டும், விவரம் கெட்டவன், வாய் நிறைய வைத்துக்கொண்டு கேட்டான்: "கென், செப்டம்பருக்கு ஏழு பேர் பட்டியல் எழுதிட்டியா?"

கென் ஆனியன்ஸின் காதில் ஒரு பேனா செருகியிருந்தது. அவர் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்தார், காற்சட்டைப் பையைத் தட்டிப் பார்த்தார். "எங்கே எழுதறது. பேனாவைக் காணோம்," என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"நீ என்ன வாயைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கே? அவங்க ரெண்டு பேர் தட்டையும் எடுத்து அடுப்பு மேல வை, ஆறிடப் போகுது."